காக்பிட் மேப்ல தடை ஏரியாவைப் படிக்கிறது எப்படி: டர்பன்ல இருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பைலட் டிரெயினிங்குக்காக திருச்சி, கோயமுத்தூர் பக்கமிருந்து சவுத் ஆப்பிரிக்கா வர்ற பசங்க சில பேர் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டர்பன் சாட்ஸ்வொர்த்ல நம்ம வீட்டுக்கு வருவாங்க, சாப்பிட்டு முடிச்சதும் டேப்லெட்டைத் தொறந்து வெச்சுகிட்டு எல்லாரும் ஒரே கேள்விதான் கேப்பாங்க, "அண்ணா, இந்த செவப்புக் கோட்டுக்குள்ள போலாமா, கூடாதா?" ரெண்டு வார்த்தையில பதில் சொல்ல முடியாத கேள்வி இது. கோட்டைப் பாத்ததும் முடிவு பண்றதுதான் முதல் தப்பே. எந்த வரிசையில படிக்கணும், யாரு எங்க வழுக்கறாங்கன்னு எழுதிட்டா திரும்பத் திரும்ப சொல்ற வேலை மிச்சம்னு உக்காந்தேன்.

இது சின்ன பிளேன்ல விஎஃப்ஆர்ல, அதாவது வெளிய கண்ணால பாத்து, பறக்கிறவங்களுக்கு. உதாரணத்துல வர்ற ஏரியா உயரமெல்லாம் நான் புரிய வைக்கறதுக்காக போட்டது, அதை வெச்சு பிளான் பண்ணிடாதீங்க.

1. தொறக்கறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

நாலு விஷயம் வேணும். இந்த சைக்கிளுக்கு அப்டேட் ஆன டேட்டாபேஸ், ஏஐபி புத்தகத்துல (நாடு வெளியிடற அதிகாரப்பூர்வ விமானத் தகவல் தொகுப்பு) இஎன்ஆர் 5.1ங்கிற பகுதி, அன்னிக்கு நோட்டம் (பைலட்டுகளுக்கு வர்ற தற்காலிக அறிவிப்பு), அப்புறம் ஒரு பேப்பர், பென்சில்.

டேட்டாபேஸ் 28 நாளைக்கு ஒருக்கா மாறும், எப்பவும் வியாழக்கிழமைதான் அமலுக்கு வரும். மாறற வாரத்துல புதன்கிழமை ராத்திரி பிளான் போட்டு வியாழன் காலையில பறக்கிறவன் பழைய மேப்போட போறான்னு அர்த்தம், அதனால டவுன்லோட் பண்ணா மட்டும் போதாது, அமல் தேதியையும் பாருங்க. டேப்லெட்ல அப்டேட் பண்ணிட்டு பிளேன்ல இருக்கிற பேனல் ஜிபிஎஸ்ஸை விட்டுடறது ரொம்ப சகஜம், ரெண்டும் வேற வேற கார்டு, வேற வேற சந்தா. ரெண்டும் ஒத்துப் போகலைன்னா எதை நம்பறதுன்னு ஆகாயத்துல உக்காந்து யோசிக்கக் கூடாது.

இஎன்ஆர் 5.1 எதுக்குன்னா, தடை, கட்டுப்பாடு, டேஞ்சர் ஏரியா எல்லாத்தோட எல்லை, உயரம், நேரம் மூலத்துல எழுதியிருக்கிறது அங்கதான். ஆப்ல வர்ற படம் அதைப் பாத்து வரைஞ்ச நகல். சந்தேகம் வந்தா மூலம்தான் ஜெயிக்கும்.

2. பேரை முதல்ல படிங்க, கலர் அப்புறம்

கலர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு ஆப்ல செவப்பா இருக்கறது இன்னொண்ணுல நீலமா இருக்கும், பேனல் ஜிபிஎஸ்ல மூணாவதா ஒரு கலர்ல இருக்கும். பேரு எங்கயும் மாறாது. அதனால ஏரியாவைத் தொட்டுப் பேரைப் படிங்க.

பேருல மூணு துண்டு இருக்கு. முதல் ரெண்டு எழுத்து நாடு, அடுத்த எழுத்து வகை, கடைசியா நம்பர். சவுத் ஆப்பிரிக்கான்னா எப்ஏ. அதுக்கப்புறம் பி வந்தா ப்ரொஹிபிடெட், ஆர் வந்தா ரெஸ்ட்ரிக்டெட், டி வந்தா டேஞ்சர். டிராக்கன்ஸ்பெர்க் பக்கம் போனா எப்எக்ஸ்னு ஆரம்பிக்கிறது லெசோத்தோ, வடக்கே எப்டின்னா எஸ்வாட்டினி. எப்ஏடின்னு பாத்ததும் எப்டின்னு நெனச்சு எஸ்வாட்டினி ஏஐபியைப் புரட்டின ஆளை எனக்குத் தெரியும், சிரிக்காதீங்க, ராத்திரி பதினோரு மணிக்குக் கண்ணு சொருகும்போது யாருக்கும் வரும்.

மூணு வகைக்கும் வித்தியாசம் இதுதான். பின்னா பறக்கவே கூடாது, பேச்சே கிடையாது. ஆர்னா போட்டிருக்கிற நிபந்தனைப்படி போகலாம், பெரும்பாலும் அனுமதி வாங்கணும். வெஸ்டர்ன் கேப்ல ஓவர்பெர்க் சோதனைத் தளம், நார்தர்ன் கேப்ல லோஹாட்லா ராணுவப் பயிற்சிக் களம் இதையெல்லாம் நெனச்சுப் பாருங்க, உள்ள சுடறவங்க, பறக்கிறவங்க யாருன்னு நமக்குத் தெரியாது. டின்னா குறிச்ச நேரத்துல ஆபத்தான வேலை ஏதாவது நடக்கலாம், போறதும் போகாததும் உங்க முடிவு. இந்த "உங்க முடிவு"ங்கறதுதான் பசங்களை ஏமாத்துது. அனுமதி வேணாம்னா ஆபத்து கம்மின்னு எடுத்துக்கறாங்க, உள்ள உங்களை மாதிரியே இன்னும் நாலு பேரு ஸ்டால் (வேகம் கொறஞ்சு இறக்கை தாங்காம போறது) பிராக்டிஸ் பண்ணிட்டு இருக்கலாம்.

இன்னொரு குழப்பம் யூடியூப்னால வருது. அமெரிக்க வீடியோ பாத்துப் படிச்சவங்க மெஜெண்டா ஓரத்தைத் தேடுவாங்க. அங்க செக்‌ஷனல் சார்ட்ல ப்ரொஹிபிடெட், ரெஸ்ட்ரிக்டெட், வார்னிங் மூணும் நீல ஓரம், எம்ஓஏவும் (ராணுவப் பயிற்சி ஏரியா) அலர்ட் ஏரியாவும் மெஜெண்டா ஓரம். அது அவங்க ஊரு கணக்கு. இங்க நீங்க தேட வேண்டியது பி, ஆர், டி மூணு எழுத்து.

3. ஓரத்தைப் படிக்கிறது: சீப்புப் பல்லு எந்தப் பக்கம்

சார்ட்ல தடை ஏரியாவோட எல்லைக் கோட்டுல சீப்புப் பல்லு மாதிரி சின்னச் சின்ன சாய்வுக் கோடு வரிசையா இருக்கும். பல்லு எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம்தான் ஏரியாவோட உள்பக்கம். ரெண்டு ஏரியா ஒட்டி இருந்தா நடுக்கோட்டுல ரெண்டு பக்கமும் பல்லு இருக்கும்.

இது எதுக்கு முக்கியம்னா, ஸ்க்ரீனைப் பெருசு பண்ணிப் பாக்கும்போது ஏரியா முழுசும் தெரியாது, ஒரே ஒரு வளைஞ்ச கோடுதான் தெரியும், நீங்க உள்ள இருக்கீங்களா வெளிய இருக்கீங்களான்னு பல்லை வெச்சுத்தான் சொல்ல முடியும். சில ஆப்ல பல்லுக்குப் பதிலா உள்பக்கம் லேசா நிழல் அடிச்சிருப்பாங்க, வெயில்ல அந்த நிழல் கண்ணுக்கே தெரியாது. கிளம்பறதுக்கு முன்னாடி டேப்லெட்டை வெளிய வெயில்ல ஒரு தரம் பிடிச்சுப் பாருங்க.

4. உயரம்: இங்கதான் நெறைய பேரு விழறாங்க

லேபிள்ல ரெண்டு வரி இருக்கும், மேல இருக்கறது மேல் எல்லை, கீழ இருக்கறது கீழ் எல்லை. நம்பரைப் படிக்கிறதுக்கு முன்னாடி நம்பருக்குப் பக்கத்துல என்ன எழுத்து இருக்குன்னு படிங்க. ஏஜிஎல்னா தரையில இருந்து, ஏஎம்எஸ்எல்னா கடல் மட்டத்துல இருந்து, எப்எல்னா ஃப்ளைட் லெவல், 1013.25 ஹெக்டாபாஸ்கல் வெச்சு நூறு அடிக் கணக்குல அளக்கற லெவல். ஜிஎன்டி இல்ல எஸ்எப்சின்னா தரை, யுஎன்எல்னா மேல எல்லையே இல்ல.

டர்பன்ல படிக்கிற பசங்களுக்கு ஒரு தனிக் கண்டம் இருக்கு. வர்ஜீனியா ஏர்போர்ட் கடலோரம், கடல் மட்டத்துல இருந்து வெறும் 20 அடி உயரம். அங்க பறக்கும்போது ஏஜிஎல்லும் ஏஎம்எஸ்எல்லும் கிட்டத்தட்ட ஒண்ணு, மாத்திப் படிச்சாலும் ஒண்ணும் ஆகாது, அதனால அந்த எழுத்தைப் பாக்கிற பழக்கமே வராம போயிடுது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஏர்போர்ட் போனாலே தரை 2,400 அடிக்கு மேல ஏறிடும். ஜோஹனஸ்பர்க் பக்கம் ராண்ட் ஏர்போர்ட் 5,483 அடி, ஓ.ஆர். டாம்போ 5,558 அடி.

இப்ப ஒரு கற்பனை ஏரியா, ராண்ட் பக்கத்துலன்னு வெச்சுக்குங்க. கீழ ஜிஎன்டி, மேல 1,500 அடி ஏஜிஎல். பையன் ஆல்டிமீட்டர்ல (பிளேன்ல உயரம் காட்டற மீட்டர்) 6,500 வெச்சுகிட்டு வர்றான். "1,500தானே, நான் 5,000 அடி மேல இருக்கேன்"னு நெனைக்கிறான். தரை 5,500, அதோட 1,500 சேத்தா ஏரியா 7,000 வரைக்கும் இருக்கு. பையன் 500 அடி உள்ள இருக்கான். இதைப் பேப்பர்ல போட்டுக் காட்டினதும் ஒவ்வொருத்தன் மூஞ்சியும் மாறும்.

அடுத்தது எப்எல். ஒரு ஏரியாவோட கீழ் எல்லை எப்எல் 95னு இருக்கு. 9,500 அடின்னு எடுத்துகிட்டா, கியூஎன்எச் (ஆல்டிமீட்டர்ல செட் பண்ற அன்னிக்குக் கடல் மட்டக் காத்தழுத்தம்) 1013 இருக்கிற அன்னிக்கு மட்டும்தான் சரி. ஒரு ஹெக்டாபாஸ்கலுக்கு சுமாரா 30 அடி போடுங்க. அன்னிக்கு கியூஎன்எச் 1003ன்னா 10 கம்மி, அதாவது அந்த எல்லை 300 அடி கீழ இறங்கி 9,200ல நிக்கும். நீங்க 1003 செட் பண்ணி 9,300ல "200 அடி கீழதான் போறேன்"னு போனா, நெஜத்துல 100 அடி உள்ள. பிரஷர் கம்மியான நாள்ல எப்எல் எல்லாம் நம்மளைப் பாத்துக் கீழ வரும்னு மனசுல வெச்சுக்குங்க, அதிகமான நாள்ல மேல போகும்.

மூணாவது ஒண்ணு, டேப்லெட் காட்டற உயரம். அது ஜிபிஎஸ் உயரம், ஆல்டிமீட்டர் உயரம் கிடையாது. ஸ்டாண்டர்ட் வெப்பநிலையை விட 15 டிகிரி அதிகமா சூடா இருக்கிற ஹைவெல்டு (ஜோஹனஸ்பர்க் பக்கத்து மேட்டு நிலம்) மத்தியானத்துல ராண்ட்ல இருந்து 4,000 அடி ஏறினீங்கன்னா டேப்லெட் ஆல்டிமீட்டரை விட ஏறக்குறைய 240 அடி அதிகமா காட்டும். ஆப்போட சைடு வியூல ஏரியாவுக்கு மேல போற மாதிரி அழகா ஒரு பிளேன் படம் வரும், நம்பிடாதீங்க. எல்லையெல்லாம் ஆல்டிமீட்டர் கணக்குல போட்டது.

அதனால நான் சொல்லிக் கொடுக்கிற வழக்கம் இதுதான்: ரூட்ல வர்ற ஒவ்வொரு ஏரியாவுக்கும் மேல் எல்லை, கீழ் எல்லை ரெண்டையும் அன்னிக்கு கியூஎன்எச் வெச்சு ஆல்டிமீட்டர் நம்பரா மாத்தி பேப்பர்ல எழுதிடுங்க. அப்புறம் 500 அடியாவது இடைவெளி விடுங்க, ஒரு டர்புலன்ஸ் அடிச்சா 200 அடி எங்க போச்சுன்னு தெரியாது.

5. நேரம்

எச்24ன்னா எப்பவும். எச்ஜேன்னா சூரிய உதயத்துல இருந்து அஸ்தமனம் வரை. எச்எக்ஸ்னா குறிப்பிட்ட நேரம் இல்ல, கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். "நோட்டம் படி"ன்னு போட்டிருந்தா ஆறாவது, ஏழாவது படியை விடாமப் படிங்க.

மணியெல்லாம் யூடிசில (உலகப் பொது நேரம்) இருக்கும், நம்ம நேரம் அதை விட ரெண்டு மணி கூட. 0500ல இருந்து 1500 வரைன்னா இங்க காலையில 7ல இருந்து சாயங்காலம் 5. நம்ம பசங்க ஊரு ஞாபகத்துல அஞ்சரை மணி கூட்டறதையும் பாத்திருக்கேன். இன்னொருத்தன் கூட்டறதுக்கு பதிலா கழிச்சான்.

எச்ஜேல ஒரு விஷயம். டர்பன்ல டிசம்பர்ல காலையில அஞ்சு மணிக்கு முன்னாடியே விடிஞ்சிடும், ஜூன்ல ஏழு மணிக்குக் கிட்டதான் விடியும், சாயங்காலம் அஞ்சு மணி தாண்டினா இருட்டு. போன மாசம் ஆறு மணிக்கு சும்மா இருந்த ஏரியா இந்த மாசம் அதே நேரத்துல உயிரோட இருக்கலாம்.

6. மேப் மறைக்கிறதை வெளிய கொண்டு வாங்க

இது என் சொந்த அனுபவம். லைசன்ஸ் வாங்கின புதுசுல டர்பன்ல இருந்து ஜோஹனஸ்பர்க் பக்கம், சுமார் 500 கிலோமீட்டர், முழு ரூட்டும் ஒரே ஸ்க்ரீன்ல தெரியற மாதிரி சுருக்கி வெச்சு கோடு போட்டேன், சுத்தமா இருந்துச்சு, ஒரு தடையும் இல்ல, சந்தோஷமா டீ குடிக்கப் போயிட்டேன். பக்கத்துல இருந்த பெரியவர் ஒண்ணும் சொல்லாம ரெண்டு விரல வெச்சு மேப்பைப் பெருசு பண்ணாரு. என் கோட்டு மேலயே, சரியா நடுவுல, சின்னதா ஒரு ஆர் வட்டம். சுருக்கி வெச்சப்போ ஆப் அதை மறைச்சிருந்தது. டீ ஆறிப் போச்சு, பிளானைத் திரும்ப முதல்ல இருந்து போட்டேன்.

காரணம் ரொம்ப சிம்பிள். ஸ்க்ரீன் குழம்பாம இருக்க, ஒரு அளவுக்கு மேல சுருக்கினா சின்ன ஏரியாவை வரையாம விட்டுடும். பேனல் ஜிபிஎஸ்லயும் ஒவ்வொரு வகை ஏரியாவுக்கும் எத்தனை மைல் ரேஞ்ச் வரைக்கும் காட்டணும்னு தனித்தனி செட்டிங் இருக்கு. வாடகை பிளேன்ல முன்னாடி ஓட்டினவர் என்ன வெச்சாரோ அதுதான் உங்களுக்கும்.

அதனால இந்த வரிசையில போங்க. முதல்ல செட்டிங்ஸ்ல பி, ஆர், டி மூணும் ஆன்ல இருக்கான்னு பாருங்க. அப்புறம் உயர ஃபில்டர், "இத்தனை அடிக்கு மேல இருக்கற ஏரியாவைக் காட்டாதே"ன்னு ஒண்ணு இருக்கும், ஹைவெல்டு போறப்ப அதைத் தூக்கி வைங்க, கடலோரத்துக்காக 5,000ன்னு வெச்சிருந்தா அங்க தரைக்குக் கீழ வடிகட்டற மாதிரி ஆயிடும். கடைசியா, ரூட்டோட ஒரு முனையில இருந்து இன்னொரு முனை வரைக்கும் பெருசு பண்ணி விரலால நகர்த்திகிட்டே போங்க, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் 10 மைல். எரிச்சலான வேலைதான், பத்து நிமிஷம் ஆகும்.

ஒண்ணு மேல ஒண்ணா ஏரியா அடுக்கியிருக்கிற இடத்துல தொட்டா முதல்ல ஒண்ணோட விவரம்தான் பளிச்சுன்னு வரும், மத்ததெல்லாம் கீழ லிஸ்ட்ல இருக்கும். லிஸ்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க.

7. நோட்டத்தை நோட்டம் விடறது

பேருலயே இருக்கு, நோட்டம் விடாம போகாதீங்க. திடீர்னு ஒரு ராணுவப் பயிற்சி, ஏர் ஷோ, விஐபி வருகைன்னா தற்காலிகமா ஏரியா போடுவாங்க, அது பேனல் டேட்டாபேஸ்ல வராது. டேப்லெட்ல வரும், ஆனா நெட் இருக்கும்போது ரிஃப்ரெஷ் பண்ணியிருந்தா மட்டும்.

ஆப் நோட்டத்தை வட்டமா வரையும். அந்த வட்டம் கியூ வரியோட (நோட்டத்துல கியூன்னு ஆரம்பிக்கிற சுருக்க வரி) கடைசியில இருக்கிற சென்டரையும் ரேடியஸையும் வெச்சு வரைஞ்சது, ஏரியாவை முழுசா மூடற மாதிரி முழு மைலா ரவுண்டு பண்ணியிருப்பாங்க. உண்மையான வடிவம் ஈ பகுதியில இருக்கும், அது நாலு மூலை இருக்கிற கட்டமா கூட இருக்கலாம். உயரம் எப், ஜி பகுதியில. ரேடியஸ் 999ன்னு இருந்தா வட்டத்தைத் தேடாதீங்க, அது எப்ஐஆர் (ஒரு கன்ட்ரோல் சென்டர் பாத்துக்கற மொத்த வான்பகுதி) முழுசுக்கும்னு போட்டது. கியூ வரியில ஆர்ஆர்னு வந்தா ரெஸ்ட்ரிக்டெட், ஆர்டின்னா டேஞ்சர், ஆர்பின்னா ப்ரொஹிபிடெட், அடுத்த ரெண்டு எழுத்து சிஏன்னா ஆக்டிவேட் ஆயிடுச்சு.

ஈ பகுதியில இருக்கிற கோஆர்டினேட்டை நீங்களே ஆப்ல போட்டு வரையலாம், வரையணும். இங்க ஒரு குழி இருக்கு. 295030ன்னு இருந்தா 29 டிகிரி 50 நிமிஷம் 30 விநாடி. டெசிமல் கேக்கிற ஆப்ல அதை 29.5030ன்னு அடிச்சா போச்சு, சரியான நம்பர் 29.8417. வித்தியாசம் 20 நாட்டிகல் மைல், டர்பன் மேல இருக்க வேண்டிய வட்டம் வடக்கே பாலிட்டோ ஊரு தாண்டிப் போய் உக்காந்துக்கும். வரைஞ்சதும் "இது எந்த ஊரு மேல விழுது"ன்னு ஒரு தரம் பாத்தா போதும், தப்பு தானா கண்ணுல படும்.

8. பார்க் மேல பறக்கும்போது

பி, ஆர், டி எதுவும் இல்லாமலேயே தடை இருக்கிற இடம் இது. 2003ம் வருஷத்து பாதுகாக்கப்பட்ட பகுதிகள் சட்டப்படி நேஷனல் பார்க், வேர்ல்ட் ஹெரிட்டேஜ் இடம், சிறப்பு இயற்கைக் காப்பகம் இதுக்கெல்லாம் மேல 2,500 அடிக்குக் கீழ அனுமதி இல்லாம பறக்கக் கூடாது. அந்த 2,500 எங்கிருந்துன்னா, உங்களுக்கு நேர் கீழ இருக்கிற தரையில இருந்து இல்ல, அந்தப் பகுதியோட உச்சியில இருந்து. கடலோர இசிமங்கலிசோ பார்க் மாதிரி தாழ்வான இடத்துல பெருசா தெரியாது. டிராக்கன்ஸ்பெர்க் பார்க்கும் வேர்ல்ட் ஹெரிட்டேஜ்தான், அந்த மலைத்தொடர்ல மஃபாடி சிகரம் மட்டும் 3,450 மீட்டர், 11,300 அடிக்கு மேல. அதோட 2,500 கூட்டுங்க, சின்ன செஸ்னா மூச்சு வாங்கற உயரம். சுத்திப் போறதுதான் வழி. மேப்ல பார்க் எல்லை மெல்லிசான பச்சைக் கோடா வேற லேயர்ல ஒளிஞ்சிருக்கும், அதையும் ஆன் பண்ணுங்க.

9. பறக்கும்போது

கார்மின் கம்பெனி பேனல் ஜிபிஎஸ்ல நாலு மாதிரி எச்சரிக்கை வரும். இதே டிராக்ல போனா 10 நிமிஷத்துக்குள்ள உள்ள போயிடுவீங்கன்னா "அஹெட்". 2 மைலுக்குள்ள இருக்கீங்க, ஆனா உள்ள போக மாட்டீங்கன்னா "நியர்". ரெண்டும் சேந்தா "நியர் அண்ட் அஹெட்". உள்ள போயிட்டா "இன்சைட்", அதுக்கப்புறம் படிச்சுப் பிரயோஜனம் இல்ல. எச்சரிக்கை ஆஃப்ல கிடக்கலாம், ரன்-அப் (கிளம்பறதுக்கு முன்னாடி எஞ்சின் சோதனை) பண்றப்பவே செக் பண்ணிடுங்க.

அஹெட் வந்ததும் பேப்பரைப் பாருங்க, மேப்பைப் பெருசு பண்ணிகிட்டு தலை குனிஞ்சு உக்காராதீங்க. வகை, ஆல்டிமீட்டர் நம்பர், நேரம், யாரைக் கூப்பிடணும், ஃப்ரீக்வென்சி, இந்த அஞ்சும் பேப்பர்ல இருந்தா பத்து செகண்ட் வேலை. ஆர்னா போறதுக்கு முன்னாடியே கூப்பிடுங்க, எல்லைக்கு 5 நிமிஷம் இருக்கும்போதே. பதில் வரலைன்னா, இல்ல "ஸ்டாண்ட்பை"ன்னு சொன்னா, அது அனுமதி கிடையாது, எல்லைக்கு வெளியவே ஒரு வட்டம் போட்டுகிட்டு காத்திருங்க. புதுப் பையன் ஒருத்தன் ஸ்டாண்ட்பைன்னதும் "ஓகே சொல்லிட்டாங்க"ன்னு நேரா ஓட்டப் பாத்தான், பக்கத்து சீட்ல இருந்தவர் கன்ட்ரோலை வாங்கித் திருப்பினாரு, அதுக்கப்புறம் வர்ஜீனியால இறங்கற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கல.